சூட்டால் வந்த ரத்தம்

எங்கள் வீட்டில் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அதற்கும் ஈறுக்கும் சம்பந்தமே கிடையாது. அது உடம்புச் சூடு. சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், மத்தியானம் மோர், தீர்ந்தது வைத்தியம். திங்கட்கிழமையும் ரத்தம் வந்தால், சூடு இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

தாத்தாவுக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே முன்பற்கள் ஆடத் தொடங்கின. ஒவ்வொன்றாக விரலாலேயே கழற்றி, சின்னப் பிள்ளை மாதிரி கூரைமேல் எறிந்தார். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. சுருட்டு பிடிப்பவர் என்பதால் ரத்தம்கூட அதிகம் வரவில்லை. புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நோயை வெளியே காட்டாமல் மூடிவிடும் என்பது எங்களுக்கு எங்கே தெரியும்?

தேய்க்க உமிக்கரியும் உப்பும். கையில் கொஞ்சம் காசு புழங்கியதும் ரோஸ் நிறக் கோபால் பல்பொடி வந்தது. பாதி பல்லுக்கு, பாதி வயிற்றுக்கு. அதன் விளம்பரத்தை இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். அதே இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 1970இல் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் அவருடைய குழுவும் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பிரஷ்ஷையோ பல் டாக்டரையோ அறியாத வாய்கள். 15 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். சொத்தை ஏறக்குறைய இல்லை. காரையும் ஈறு வீக்கமும் ஏராளம். ஆனால் 100க்கு 8 பேருக்குத்தான் பல்லின் பிடிமானம் மளமளவென்று போனது. 81 பேருக்கு மெதுவாக. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. உலகத்துப் பல் மருத்துவ மாணவர்களெல்லாம் இன்றும் நம் மலையகத்து வாய்களைப் பாடமாகப் படிக்கிறார்கள். தாத்தா அந்த 8 பேர் ரகம் என்பது என் ஊகம்.

இப்போது என் பேரனின் குளியலறையில் கரி பேஸ்ட், உப்பு பேஸ்ட், வேம்பு பேஸ்ட். அடுப்படியில் ஓசியில் கிடைத்ததற்கெல்லாம் பில் போடுகிறார்கள். தேய்ப்பதென்னவோ அரை நிமிஷம். பல்லிடுக்கில் படியும் கிருமிப் படலம் அசைவதில்லை; எச்சிலில் உள்ள தாது சேர்ந்து காரையாக இறுகிவிடுகிறது. அப்புறம் எந்தப் பேஸ்ட்டாலும் ஆகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ரத்தம் வந்தால் அந்தப் பக்கம் பிரஷ்ஷையே கொண்டுபோக மாட்டான். அங்கேதான் மென்மையாக, கூடுதல் நேரம் தேய்க்க வேண்டும். சூடு என்று சொல்ல அவனுக்கு வெட்கம். ‘வைட்டமின் குறைச்சல்’ என்கிறான்.

போன மாதம் தங்கையைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவளுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும், இரண்டும் சம்பந்திகள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுக்கம்பியை விட்டார் டாக்டர். 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. இவளுக்கு 7.

“க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா?”

“ஏற்கெனவே ஆடுதும்மா. காரைதான் முட்டுக் கொடுத்துட்டு இருக்கு. கரைஞ்ச எலும்பு தானா வளராது, மிச்சத்தைக் காப்பாத்தலாம்.”

தங்கை ரொம்ப நேரம் யோசித்தாள்.

“அப்ப மேல் வரிசைக்கு மட்டும் எவ்வளவு ஆகும்?”