மூன்றெழுத்துத் தொழிலாளிகள்: ஓர் ஊதிய ஆய்வு

ஆங்கிலச் சொற்களுக்குள் நடக்கும் உழைப்புச் சுரண்டலை எந்தத் தொழிலாளர் நீதிமன்றமும் இதுவரை விசாரித்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் எளிது: அந்த மொழியில் ஆள் குள்ளமானால் வேலை அதிகம்.

முதல் சான்று, ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ‘செட்’. 1989இல் வெளியான ஆக்ஸ்போர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள். விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள். சூரியன் மறைந்தால் செட், சிமென்ட் இறுகினால் செட், அலாரம் வைத்தால் செட். தமிழ்நாட்டுக்கு வந்தும் அதற்கு ஓய்வில்லை. வயலில் பம்ப் செட், திருவிழாவில் மைக் செட், ஓட்டலில் செட் தோசை. வந்த வரன் பிடிக்காவிட்டாலும் ‘செட் ஆகலை’ என்று அதன் தலையில்தான் பழி.

இந்த நூற்றாண்டில் ‘ரன்’ முந்திவிட்டது. அகராதிக் குழுவின் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் அதோடு மல்லுக்கட்டி, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். மூக்கு ஒழுகுவதற்கும் அதுதான், கடை நடத்துவதற்கும் அதுதான். தேர்தல் வந்தால் அமெரிக்க வேட்பாளர் ‘ஓடுவார்’. பிரிட்டிஷ் வேட்பாளர் நம்மவரைப் போல ‘நிற்பார்’.

இனி எதிர்த்தரப்பு. ‘ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்’ என்றொரு சொல். ஆங்கிலத்தில் 29 எழுத்து. எதையாவது மதிப்பற்றதென்று ஒதுக்குவது என்ற ஒரே பொருள். அந்த ஒரு வேலைக்கும் அதை யாரும் கூப்பிடுவதில்லை.

வேலைப் பளு கூடினால் சொல் தடுமாறும். மேசையில் தூசி துடைத்தாலும் ‘டஸ்ட்’, கேக் மேல் சர்க்கரைப் பொடி தூவினாலும் ‘டஸ்ட்’. இதாவது சமையலறையோடு போகிறது. ‘டேபிள்’ போர்க்காலக் கூட்டத்திலேயே கலகம் மூட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது, ஓர் அறிக்கையை உடனே விவாதிக்க வேண்டி அதை ‘டேபிள்’ செய்யலாம் என்றனர் பிரிட்டிஷ் அதிகாரிகள். அமெரிக்கர் காதில் அது கிடப்பில் போடுவது என்று விழுந்தது. கூடாது, முக்கியமான விஷயம் என்று கொதித்தனர். இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று புரிவதற்குள் நீண்ட, காரசாரமான வாக்குவாதமே நடந்துவிட்டதாகச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கூலிப் பிரச்சினைக்கு முன்னுதாரணம் உண்டு. லூயிஸ் கரோல் 1871இல் வெளியிட்ட ஆலிஸின் இரண்டாம் கதையில், ஹம்ப்டி டம்ப்டி என்னும் முட்டை மனிதர் அதிகம் உழைத்த சொல்லுக்குக் கூடுதல் சம்பளம் தருகிறார். சொற்கள் சனிக்கிழமை இரவு வந்து வாங்கிப்போகின்றன.

ஆகவே தீர்ப்பு: ‘ரன்’னுக்கு 645 படிகளும் நிலுவையோடு தரப்பட வேண்டும், 29 எழுத்துக்காரருக்குக் கட்டாய ஓய்வு.