வெள்ளையடிச்சது எந்த வருசம்?

வாடகை வீட்டுத் தகராறுன்னா எங்க ஏரல் பக்கம் என்னையத்தான் கூப்பிடுதாவ. எனக்கு வாடகைக்கு விட வீடும் கிடையாது, வாடகை வீட்டுல குடியிருக்கவும் இல்ல. அதனால நடுவா நின்னு பேசுவேன்னு நெனைப்பு. நடுவா நின்னா ரெண்டு வீட்டுலயும் காப்பி கிடைக்கும்ங்கது எவனுக்கும் தெரியாது.

மொதல்ல வீட்டுக்கார அண்ணாச்சிமாருக்கு ஒரு யோசனை. வீடு குடுத்தமேனிக்கே பளிச்சுன்னு இருக்கணுமா? வாடகைக்கு விடாதீங்க. பூட்டிப் போடுங்க. எலியும் கரையானும் வந்து குடியிருக்கும், ஆனா அதுக அட்வான்ஸைத் திருப்பிக் கேக்காது. வாடகையும் வேணும், செவத்துல கையும் படக் கூடாதுன்னா, வாறவன் அந்தரத்துலதான் தொங்கணும். அவனுக்கும் புள்ள குட்டி இருக்கும். அது பட்டாசல் செவத்துல கரித்துண்டால 'அ' எழுதத்தான் செய்யும். உங்க பேரன் எழுதினா, 'மூணு வயசுல என்ன வளைவு போட்டிருக்கான் பாரும்வே'ன்னு ரோட்டுல போறவனைக் கூப்பிட்டுக் காட்டுதீங்க. குடியிருக்கவன் புள்ள எழுதினா அதே 'அ'வுக்குப் பெயிண்ட் கூலி பிடிக்கீங்க.

குடியிருக்க தம்பிமாரே, நீங்க சிரிக்காதீங்க. உங்க லட்சணத்துக்கு வாறேன். நம்ம ஆத்தூர் வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. பெருமைதான், போடுங்க. ஆனா குறியீடு கொடுத்தது வெத்தலைக்குத்தான், வீட்டு நிலைக்கு இல்ல. விரல்ல மிஞ்சின சுண்ணாம்பையெல்லாம் நிலையில தடவித் தடவி, நாலு வருசத்துல அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையடிச்சு முடிச்சிட்டீங்க. வீட்டுக்காரர் கேட்டா, 'வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு'ங்கீங்க. பொறவு அங்கணக்குழி. மீன் செதிளு, சோத்துப் பருக்கை, புளிக்கோது எல்லாம் அதுக்குள்ள போவுது. தண்ணி மட்டும் போவ மாட்டேங்குது.

வளவு வீடுகள்ல இது இன்னும் கூத்து. ஆறு வீட்டுக்கு ஒரே வாருகால். எப்ப அடைச்சாலும், அடைப்பு அடுத்த வீட்டு வாசல்லதான் இருக்கும். கடைசி வீட்டுக்காரி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்கு அடுத்தது தெரு. அதனால அவ பஞ்சாயத்து ஆபீசைத் திட்டுவா.

அண்ணாச்சியும் தம்பியும் ஒத்துப் போற எடம் ஒண்ணு உண்டு. சத்தியம். 1908ல ஆடி அமாவாசை அன்னைக்குச் சமாதியான அருணாசல சுவாமிய, ஊருக்குச் சேர்மனா இருந்தவரை, சாமியாக் கும்பிடுத ஊரு இது. 'சேர்மன் சாமி மேல ஆணையா புதுசா வெள்ளையடிச்சுத்தான் விட்டேன்'னு இவரு. 'சேர்மன் சாமி மேல ஆணையா கறையோடதான் விட்டாரு'ன்னு அவன். சாமி பாவம், எந்தச் சத்தியத்தைத்தான் கேப்பாரு? இதுல ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு வெளியூர்லேருந்து வாற வீட்டுக்காரர், 'அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்'னு நுழைவாரு. உள்ள பாத்தா பன்னெண்டு சொந்தக்காரன், கொடி பூராவும் ஈரத்துணி, தார்சாவுல பாயி. 'எத்தனை பேருக்குய்யா வாடகைக்கு விட்டேன்'னு அவருக்கு நெஞ்சு அடைக்கும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, வீட்டுக்காரர் உள்ள வரணும்னா 24 மணி நேரத்துக்கு முந்தி எழுத்துல சொல்லிட்டு வரணும். 2017ல போட்டு, 2019 பிப்ரவரி 22லேருந்து நடப்புல இருக்க தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அது. அண்ணாச்சிமாருக்கு இது பிடிக்கல. 'என் வீட்டுக்கு நான் போக நோட்டீஸா'ங்காவ. கோட்டித்தனமாப் பேசாதீங்க. உலகத்துல அந்த நோட்டீஸைப் போல வாரியல் கிடையாது. நாளைக்கு வாறேன்னு ஒரு துண்டுச்சீட்டுக் குடுத்துப் பாருங்க. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எட்டிப் பாக்காத ஒட்டடையெல்லாம் ஒரு ராத்திரியில கீழ எறங்கும். மாசத்துக்கு ஒரு சீட்டுக் குடுத்துட்டு, வராமலே இருந்தாக்கூட வீடு சுத்தமா இருக்கும்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால ஒரு பட்டியலு இருக்கு. எழுத்துல வேற மாதிரிப் பேசிக்கிடலைன்னா, யாரு எதைச் செய்யணும்னு பிரிச்சுப் போட்டிருக்கான். செவத்துக்கு வெள்ளையடிக்கதும், கதவு சன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கதும் வீட்டுக்காரர் பொறுப்பு. வாருகால் சுத்தம் பண்ணுதது, குழாய்க்கு வாசர் மாத்துதது, கக்கூஸ் ரிப்பேர், சுவிட்சு, உடைஞ்ச கண்ணாடி எல்லாம் குடியிருக்கவன் பொறுப்பு. இதை நான் வாசிச்சுக் காட்டினா, பாதி வரைக்கும் ஒருத்தர் முகம் தொங்கும், மீதிக்கு இன்னொருத்தர் முகம் தொங்கும். அண்ணாச்சிமாரே, செவரு கறுத்துப் போச்சுன்னு குதிக்கதுக்கு முந்தி ஒரு கேள்விக்குப் பதில் வச்சுக்கிடுங்க: கடைசியா வெள்ளையடிச்சது எந்த வருசம்? 'எங்கப்பா இருக்கும்போது'ன்னு ஒருத்தர் சொன்னாரு. அவுக அப்பாவுக்கு வருசாந்திரம் எத்தனையோ கழிஞ்சாச்சு.

அதே பட்டியல்ல குளியல் தொட்டி ரிப்பேரும் குடியிருக்கவன் தலையில வச்சிருக்கான். ஏரல்ல நமக்குத் தொட்டி தாமிரபரணிதான். அதை எவன் ரிப்பேர் பண்ணுவான்னு நானும் சிரிச்சிருக்கேன். 2023 டிசம்பர் 17, 18ல அந்தத் தொட்டியே வீட்டுக்குள்ள வந்துட்டு.

எங்க பக்கத்துக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருசம் பூராவும் பெய்ய வேண்டியதை வானம் ஒரு பொழுதுல கொட்டிட்டு. ஏரல் பாலத்தோட இணைப்பு ரோட்டை ஆறு அரிச்சுட்டுப் போயிட்டு. ஊரு தனியா நின்னுச்சு. கடைத்தெருவுலயும் வீட்டுக்குள்ளயும் ஆறு சேத்தைக் கொண்டாந்து கொட்டியிருந்துச்சு. டைல்ஸ் போட்ட வீடு, சாணி மெழுகின வீடு, குடியிருக்கவன் வீடு, அவனைக் குறை சொன்ன அண்ணாச்சி வீடு எல்லாத்துலயும் ஒரே நெறச் சேறுதான்.

போன் வேலை செய்ய ஆரம்பிச்சதும், வெள்ளத்தப்ப வெளியூர் போயிருந்த ஒரு வீட்டுக்காரர் கேட்ட மொதக் கேள்வி, 'டைல்ஸ் எப்படி இருக்கு?' அவரு வீட்டுல குடியிருந்த தம்பியும் லேசுப்பட்டவன் இல்ல. 'சேத்துக்கு அடியில பத்திரமா இருக்கு அண்ணாச்சி, நாங்கதான் மச்சுல கெடக்கோம்'னான். சேத்தை அள்ளுதது யாரு பொறுப்புன்னு பட்டியல்ல பாத்துக்கிட்டா இருக்க முடியும்? உள்ள பொதைஞ்சு கெடந்தது அவன் சட்டி பானை, அவன் புள்ள புஸ்தகம். அவனே மம்பட்டியைத் தூக்கினான். பொறவு அரசாங்கம் ரொம்ப அடிபட்ட தாலுகாக்கள்ல ரேஷன் கார்டுக்கு 6,000 ரூவா குடுத்துச்சு. அப்பதான் வீட்டுக்காரருக்கு நெஜமாவே வெள்ளம் வந்தது தெரிஞ்சுது. 'நனைஞ்சது என் வீடு, துட்டு அவனுக்கா?'ன்னு என்கிட்ட வந்து நின்னாரு. சேறு அள்ளுன கூலின்னு வச்சுக்கிடும்வேன்னு சொல்லி அனுப்பினேன்.

கதை அதோட முடியல. அந்தத் தம்பி பொறவு வீட்டைக் காலி பண்ணினான். வீட்டுக்காரர் வந்து பட்டாசல்ல நின்னு, செவத்துல இடுப்பு ஒசரத்துக்கு ஓடுத பழுப்புக் கோட்டைக் காட்டி, 'இது என்ன கறை?'ங்காரு. வெள்ளம் நின்ன கோடு. அதுக்கு அட்வான்ஸ்ல பிடிக்கணுமாம். 'தாமிரபரணிகிட்ட அட்வான்ஸ் ஏதும் வாங்கியிருந்தீருன்னா அதுல பிடிச்சுக்கிடும்'னேன். கோவிச்சுக்கிட்டாரு. நான் அவரு சொந்த வீட்டுக்கும் போனவன். அங்க பூசையறைக்கு வெளிய அதே கோடு, அதே ஒசரம். பக்கத்துல பென்சிலால தேதி எழுதி வச்சிருக்காரு, விருந்தாளி வந்தாக் காட்டுததுக்கு. அந்தச் செவத்துக்கு இன்னும் வெள்ளையடிக்கல. அடிச்சா அடையாளம் போயிருமாம்.

அட்வான்ஸைப் பத்தியும் சொல்லிருதேன், எல்லாச் சண்டையும் அதுக்காகத்தான். வேற ஒப்பந்தம் இல்லேன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, நெசமான பாக்கி போக மீதியத் திருப்பிக் குடுக்கணும். இதையும் சட்டம்தான் சொல்லுது. குடுக்க மனசில்லாதவர் கண்ணுக்குத்தான் ஆணி அடிச்ச ஓட்டை கெணறாத் தெரியும். வாங்க மனசுள்ளவன் கண்ணுக்குக் கக்கூஸ் பீங்கான்ல படிஞ்ச மஞ்சளும் மங்கலமாத் தெரியும். அதனால குடி போற அன்னைக்கே ரெண்டு பேரும் கூட நின்னு செல்போன்ல மூலை முடுக்கெல்லாம் படம் பிடிச்சுக்கிடுங்க. கக்கூஸையும் பிடிங்க, கூச்சப்படாதீங்க. வெள்ளையடிச்ச வருசத்தை ஒப்பந்தத்துலயே எழுதுங்க. எழுதக் கூசுத அளவுக்குப் பழசா இருந்தா, எழுததுக்கு முந்தி அடிச்சிருங்க.

ஐப்பசி பொறந்தா மழை. வாருகாலைக் குத்தி விடுதது யாரு பொறுப்புன்னு சட்டம் சொன்னதை மேல சொல்லிட்டேன். ஆனா அடைச்சா ஆறு வீட்டுக்கும்தான் தண்ணி ஏறும். அண்ணாச்சியும் தம்பியும் ஆளுக்கொரு மம்பட்டி எடுத்துட்டு இந்த ஞாயித்துக்கெழமையே எறங்குங்க.