ஹோட்டல்லயா மீனு?

முட்டத்துக்கு வரும் வெளியூர்க்காரர் கலங்கரை விளக்கத்துக்கு வழி கேட்டால் எந்தச் சின்னப் பையனும் கை காட்டிவிடுவான். 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த பாறை எது என்று கேட்டாலும் காட்டுவான். நல்ல மீன் சாப்பாடு எங்கே என்பதை மட்டும் அண்ணனிடம் கேட்கக் கூடாது. நான் கேட்டேன்.

அண்ணனுக்குத் தனி அடையாளம் தேவையில்லை. சாயாக்கடை பெஞ்சில் கைலியை மடித்துக் கட்டி, கட்டஞ்சாயாவை ஆறவிட்டு, வெளியூர் வண்டிகளை எண்ணிக்கொண்டு எவர் உட்கார்ந்திருந்தாலும் அவர்தான். வயது அறுபதுக்குப் பக்கம் என்றால் 1981-இல் பாரதிராஜா படம் பிடித்தபோது கூட்டத்தில் நின்றிருப்பார். 1986-இல் 'கடலோரக் கவிதைகள்' வந்தபோது இன்னும் கொஞ்சம் முன்னால் நின்றிருப்பார்.

"ஹோட்டல்லயா மீனு?" என்றார். அவர் கேட்ட தோரணையில், மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு லாட்ஜுக்கு வழி கேட்டவன் மாதிரி ஆகிவிட்டேன்.

"இன்னைக்கு என்ன கெழம?"

"ஞாயிறுண்ணே."

"ஞாயித்துக்கெழம இங்க ஆரும் கடலுக்குப் போவ மாட்டாவ. பூசைக்குப் போவாவ. அப்பம் ஹோட்டல்ல கெடக்கது என்னைக்குப் பட்ட மீனு?"

கண்ணாடிப் பெட்டியில் செக்கச்செவேலென்று மசாலா பூசி அடுக்கியிருப்பதைப் பார்த்தேனே என்றேன். "மொகத்த மறைக்கான் சாரே. நல்ல மீனுக்கு எதுக்குச் செவப்புச் சட்டை?"

அடுத்த தடவை, புதன்கிழமையாகப் பார்த்துப் போனேன். மாதத்தைப் பார்க்கவில்லை, ஜூன் முதல் வாரம். அண்ணன் என்னைத் துறைமுகப் பக்கம் திருப்பிவைத்து, வரிசையாகக் கட்டிக்கிடந்த விசைப்படகுகளைக் காட்டினார். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பக்கமும் கடல் என்பதால் ஒன்று அடைத்தால் இன்னொன்று திறந்திருக்கும். இரண்டும் சேர்ந்து அடைத்துக்கிடக்கும் அந்தப் பதினான்கு நாளில்தான் நான் நாக்கைத் தீட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன்.

"வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் தடை இல்லையேண்ணே?" என்று படித்ததை எடுத்துவிட்டேன்.

"வள்ளத்து மீனு ஹோட்டலுக்கா போவும்? வீட்டுக்குல்லா போவும்!"

அதற்காக அண்ணனுக்குப் பிடித்த சாப்பாட்டுக்கடையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிறைய உண்டு. ஒன்றும் முட்டத்தில் இல்லை. ஒன்றிலும் மீன் இல்லை. மரச்சீனியும் மாட்டுக்கறியும் வேண்டுமா, தக்கலை பக்கம் போக வேண்டும். புட்டுக்கும் பயறுக்கும் பப்படத்துக்கும் குளச்சல் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதோடு பிசைய மட்டிப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம். "நாங்க அதுக்கு முந்தியே தின்னோம்" என்பார், அதிகாரிகள் தட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது போல.

ரசவடை என்றால் மட்டும் அண்ணனின் குரல் தணிந்துவிடும். பருப்பு வடை கொதிக்கும் ரசத்தில் எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும், கரண்டியால் எடுக்கும்போது உடையக் கூடாது, நாக்கில் பட்டதும் உடைய வேண்டும் என்று ஒரு பூசை நேரம் சொன்னார். எச்சில் ஊறிப்போய்க் கடை எங்கே என்று கேட்டேன்.

"நாரோயில்ல. பழைய தியேட்டர் இருந்துல்லா, அதுக்கு எதிர்த்தால. இப்பம் தியேட்டரு இல்ல. சந்துக்குள்ள மூணாவது நடை. போர்டு கெடையாது."

"ஏன்?"

"போர்டு வச்சா ருசி போயிரும்."

குறித்துக்கொண்டேன். பேனாவை மூடியதும் சொன்னார்: "ஆனா போவாதீங்க. அவரு செத்து எட்டு வருசமாச்சி. இப்பம் மவன்."

மணி மூன்று. என் முகம் எப்படி இருந்ததோ, எழுந்து "வீட்டுக்கு வாங்க" என்றார். இவருடைய பட்டியலில் திறந்திருந்த ஒரே கடை அதுதான். சம்பா அரிசிச் சோறு, சாளைப் புளிமுளம், அவித்த மரச்சீனி. பேச்சே இல்லாமல் தின்றேன். அண்ணன் சாளையின் முள்ளை உருவி ஓரத்தில் வைத்துவிட்டு, "கண்டியளா, காலத்த கரைக்கு வந்த மீனு. நாக்கு சொல்லும்" என்றார். கை கழுவப் பின்பக்கம் போனார்.

அக்கா இன்னும் ஒரு அகப்பை குழம்பு ஊற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "இவியளுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. தடைக்காலத்துல வள்ளத்து மீனு என்ன வெலைக்குப் போவு தெரியுமா? ஏலத்துல ஹோட்டல்காரங்கதான் எடுப்பாவ. நமக்குக் கட்டுபடி ஆவுமா? இது லாரில வந்த ஐஸ் மீனு."

புளிமுளம் நன்றாகவே இருந்தது. முட்டம் போகிறவர்கள் அந்தப் பெஞ்சில் அண்ணனைப் பார்த்தால் தயவுசெய்து இதைச் சொல்லிவிடாதீர்கள். அக்கா கையால் இன்னொரு முறை சாப்பிட வேண்டியிருக்கிறது.