செயலாளர் விலகலியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் எப்போது பதவி விலகுகிறார்? ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று என்றே இதுவரை நம்பப்பட்டு வந்திருக்கிறது. இது பிழை என்பது இக்கட்டுரையின் துணிபு. தண்ணீர் லாரிக்காரர் காலை ஐந்தரை மணிக்கு வேறொருவரைப் போனில் எழுப்பும் கணத்தில்தான் அவர் விலகுகிறார். அதுவரை கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதியிருந்தாலும் ஒன்றுதான், ‘மூட்டு வலியால்’ என்று எழுதியிருந்தாலும் ஒன்றுதான். லிஃப்ட் நடுவில் நின்றால் மூட்டு வலிக்காரரைத்தான் முதலில் மேலே கூப்பிடுவார்கள்.

சரித்திரம் நம் பக்கம் இருக்கிறது. ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் கி.பி. 305இல் தானாகவே அரியணையை விட்டு, இன்றைய குரோஷியாவின் கடலோரத்தில் கட்டிய அரண்மனைக்குப் போய்த் தோட்டம் போட்டான். விட்டார்களா? 308இல் கார்னுண்டம் என்ற ஊருக்கு வரவழைத்துப் பஞ்சாயத்துப் பேச வைத்தார்கள். திரும்ப ஆள வரச் சொன்னவர்களுக்கு அவன் தன் முட்டைக்கோஸின் பெருமையைச் சொல்லி அனுப்பினானாம். காமராஜர் 1963இல் முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கிய சில மாதங்களில் அகில இந்திய காங்கிரசே அவர் தலையில் ஏறியது. இவற்றையெல்லாம் விஞ்சும் சான்று பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம். முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ஒரு குறியீட்டை மொழியில் சேர்ப்பது பற்றிய சண்டையில் சலித்துப்போய், 2018 ஜூலையில் முடிவெடுக்கும் பொறுப்பை அவர் துறந்தார். அவருக்குப் பதிலாக 2019இல் ஐவர் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த ஐவரில் ஒருவர் அவர்.

சட்டம் படித்தவர்கள் மறுப்பார்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. பொதுக்குழுவைக் கூட்டிப் புது ஆளைத் தேர்ந்தெடுத்து, பதிவாளருக்குத் தெரிவித்தால் முடிந்தது என்பார்கள். பதிவாளருக்குத் தெரியும், சரி. லாரிக்காரரின் போனில் பழைய செயலாளரின் எண் ‘அப்பார்ட்மென்ட் சார்’ என்றல்லவா பதிவாகியிருக்கிறது? அவரைப் பொறுத்தவரை சார் ஒருவர்தான். சங்கத் தேர்தல் அந்தப் போனுக்குள் நுழைவதில்லை. பொதுக்குழுவின் லட்சணமும் தெரிந்ததே. “நீங்க பேருக்கு இருங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்” என்று ஒருவர் சொல்ல, கைதட்டி, மிக்சர் சாப்பிட்டுக் கலைவார்கள். வீட்டையே காலி செய்துவிட்டால்? நம்பரும் கூடவே போகிறதே.

இன்னொரு மறுப்பு கனமானது: அவருக்கே விலக மனமில்லை என்பது. இதை ஓரளவு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மோட்டார் சத்தத்தில் சின்ன மாற்றம் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மொட்டை மாடிக்கு ஓடுகிறவர் முன்னாள் செயலாளரா என்பது ஐயத்திற்குரியது. ஆனால் அவர் விரும்பினாலும் முடியாது என்பதற்குச் சாவிக்கொத்தே சாட்சி. மோட்டார் ரூம், மீட்டர் பெட்டி, மாடிக் கதவு என்று ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதியிருக்கும். எழுதப்படாத சாவி ஒன்று மட்டும் கட்டாயம் இருக்கும். அது எதற்கென்று புதியவர் கேட்பார். பழையவருக்கும் தெரியாது, அவருக்கு முந்தையவரும் சொல்லவில்லை. “அது என்கிட்டயே இருக்கட்டும், பாத்துச் சொல்றேன்” என்று அதை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.