இறுதியூர் இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

கிரிக்கெட் இறுதிப்போட்டி ஓர் இரவில் முடிந்துவிடும். அதை எந்த ஊரில் வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சுதான் முடிவதில்லை. திருவல்லிக்கேணியில், சேப்பாக்கம் மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தலைகாட்டும் தூரத்தில் ஒரு டீக்கடை. அங்கே கூடும் சங்கத்தில் புலவர்கள் நால்வர். தபால் துறையில் ஓய்வுபெற்ற பெரியவர், மும்பை மாட்டுங்காவில் இருபது வருஷம் குடியிருந்துவிட்டுத் திரும்பிய மாமா, கல்லூரித் தம்பி, ஆட்டோ அண்ணன். இவர்களில் முதல் மூவர் பேசுவார்கள். ஆட்டோ அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்.

நூல் நுதலும் பொருள், இறுதிப்போட்டி நடத்த ஓர் ஊருக்கு வேண்டிய பாதுகாப்பும் கவர்ச்சியும். நூற்பயன், யாதுமில்லை. நூலாசிரியருக்கு உள்ள தகுதி, பெரும்பாலான நாட்களில் டீக்குக் காசு கொடுப்பவர் அவர் என்பதே.

நூற்பா 1

தன்னூர் அல்லா எவ்வூர் ஆயினும்
அவ்வூர் அபாயம் உடைத்தென மொழிப.

உரை: பேசுகிறவருடைய ஊரைத் தவிர மற்ற எல்லா ஊர்களும் ஆபத்தானவை என்பதாம். 'மொழிப' என்றதனால், மொழிவதோடு சரி, யாரும் போய்ப் பார்த்ததில்லை என்பது பெறப்படும்.

எடுத்துக்காட்டு: கொல்கத்தாவின் பெயரை யார் எடுத்தாலும் பெரியவர் கிளாசைக் கீழே வைத்துவிடுவார்.

"கல்கத்தாவா? 96 வேர்ல்ட் கப் செமிஃபைனல் மறந்துபோச்சா? 98-க்கு ஒண்ணு, பார்த்துக்கிட்டே இருக்கேன், 120-க்கு எட்டு. பாட்டில் பறக்குது, ஸ்டாண்டுல நெருப்பு. மேட்ச் ரெஃபரி கிளைவ் லாயிட் ஆட்டத்தையே ஸ்ரீலங்காவுக்கு எழுதிக் குடுத்துட்டார். காம்ப்ளி அழுதுக்கிட்டே வெளிய வரான்."

இதற்கு எதிர்ச்சான்றாக அவர் சேப்பாக்கத்தை நிறுத்துவார். 1999 ஜனவரி 31. பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோல்வி. சென்னைக் கூட்டம் எழுந்து நின்று, வென்ற பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. அடுத்த மாதமே ஈடன் கார்டன்ஸில் அதே பாகிஸ்தானோடு டெஸ்ட், டெண்டுல்கர் ரன் அவுட், கலவரம், கடைசி நாளில் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிட்டு வெற்று மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். பெரியவர் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது, அந்தக் கைதட்டலில் பாதி அவருடையது போலவே இருக்கும்.

தடை: அப்படியானால் 2016 உலக டி20-யில் இந்தியா பாகிஸ்தான் ஆட்டத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தர்மசாலாவிலிருந்து மாற்றியபோது எந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள்? கொல்கத்தாவுக்கு. பாட்டில் பறந்த அதே ஈடன் கார்டன்ஸுக்கு. இது நூற்பாவோடு முரணாதோ?

விடை: முரணாது. பெரியவர் இதற்கு "அது வேற" என்று விடை கூறினார். 'அது வேற' என்பது இந்தச் சாத்திரத்தின் புறனடை. எங்கெல்லாம் சான்று கொள்கையை இடிக்கிறதோ, அங்கெல்லாம் வந்து முட்டுக்கொடுக்கும். இதனை இனி வருமிடத்தும் கொள்க.

நூற்பா 2

வென்றஊர் நல்லூர்; தோற்றஊர் தீயூர்;
மழைவந்து நின்றஊர் இரண்டும் ஆகும்.

உரை: ஊரின் குணம் அங்கே நடந்த கடைசி ஆட்டத்தின் முடிவால் அமையும்.

எடுத்துக்காட்டு: இந்நூற்பாவை ஐயமற நிறுவ அகமதாபாத் ஒன்றே போதும். 2023 மே 28-இல் நடக்கவேண்டிய ஐபிஎல் இறுதிப்போட்டியை மழை கெடுத்தது. மஞ்சள் சட்டையோடு போன சென்னை ரசிகர்கள் அகமதாபாத் ரயில் நிலையத்தில் படுத்து உறங்கிய படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அன்று இரவு தம்பியின் தீர்ப்பு: "ஊரா அது? ஒரு இருபது ஓவர் மேட்ச்சு வைக்கத் துப்பில்ல." மறுநாள் தொடங்கிய ஆட்டம் மீண்டும் மழையில் நின்று, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, 30-ஆம் தேதி பிறந்த பிறகு கடைசி ஓவருக்கு வந்தது. இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். விடிந்ததும் அதே தம்பியின் தீர்ப்பு: "செம ஊரு. அந்த கிரவுண்டு நமக்கு ராசி."

அந்த ராசிக்கு ஆயுள் ஆறு மாதம்கூட இல்லை. அதே ஆண்டு நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதி. அதே மைதானம். பத்து ஆட்டம் தொடர்ந்து வென்று வந்த இந்திய அணியை ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137 ரன் அடித்து உட்காரவைத்தார். "அங்க வச்சதுதான் தப்பு. சேப்பாக்கத்துல வச்சிருந்தா சுழலுக்கு அவனுங்க நின்னிருக்கவே மாட்டானுங்க" என்றான் தம்பி. மண், காற்று, தண்ணீர் எதுவும் மாறவில்லை. மாறியது ஸ்கோர் போர்டு மட்டும்.

மாமாவுக்கும் இந்நோய் உண்டு. 2011 ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதி, வான்கடே, தோனியின் சிக்ஸர் என்று நாள் நட்சத்திரத்தோடு சொல்வார். 2016 மார்ச் 31-இல் அதே வான்கடேயில் அரையிறுதியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் இந்தியா தோற்றதை நினைவூட்டினால், பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திருகித் திறப்பதில் முனைந்துவிடுவார்.

தடை: சேப்பாக்கத்தில் 2011 ஐபிஎல் இறுதியில் சென்னை வென்றது. அடுத்த ஆண்டே அங்கேயே கொல்கத்தாவிடம் தோற்றது. ஆகவே சென்னையும் தீயூர் ஆகாதோ?

விடை: அது வேற.

நூற்பா 3

தீனியே கவர்ச்சி, ஏனைய கூறல்
பசியா தவன்வாய்ப் பகட்டுரை என்ப.

உரை: ஓர் ஊரின் கவர்ச்சி என்று ரசிகர் எதைச் சொன்னாலும் அது வயிற்றில் போய் முடியும்.

எடுத்துக்காட்டு: மும்பைக்கு வடா பாவ், கொல்கத்தாவுக்குக் காட்டி ரோல், ஹைதராபாத்துக்குப் பிரியாணி, சென்னைக்கு மெரினாச் சுண்டல் என்று புலவர்கள் வகுத்திருக்கிறார்கள். அகமதாபாத் இங்கே சிக்கலுக்குரியது. "பருப்புல சர்க்கரை போடற ஊரு" என்பது பெரியவர் கட்சி. குஜராத்தில் மதுவிலக்கு இருப்பதை மாமா இரு தரப்புக்கும் பயன்படுத்துவார்: பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது அது சிறப்பு, கவர்ச்சியைப் பற்றிப் பேசும்போது அது குறை.

தட்பவெப்பமும் இந்த இயலில் அடங்கும். 1986-இல் சேப்பாக்கத்தில் டீன் ஜோன்ஸ் 210 ரன் எடுத்தார். வெயிலில் வாந்தியெடுத்தபடி ஆடி, முடிந்ததும் மருத்துவமனைக்குப் போனார். ஆட்டம் சமனில் முடிந்தது. வேறு ஊரில் நடந்திருந்தால் அதை ஊரின் குறையாக எழுதிவைத்திருப்பார்கள். நம் புலவர்கள் அதை ஊரின் பராக்கிரமமாகச் சொல்கிறார்கள்.

நூற்பா 4

இருக்கை பெருகின் இரைச்சல் பெருகும்
என்பது கணக்கே, ஆட்டம் அன்று.

உரை: மைதானம் பெரிதாக இருந்தால் சத்தமும் பெரிதாக இருக்கும் என்பது கூட்டல் கணக்கு. கிரிக்கெட் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது.

எடுத்துக்காட்டு: அகமதாபாத் மைதானத்தில் 1,32,000 பேர் உட்காரலாம். வான்கடேயில் சுமார் 33,000. நான்கில் ஒன்று. 2011 உலகக் கோப்பை இறுதியில் அந்த 33,000 பேர் போட்ட கூச்சலில், சங்கக்காரா தலை கேட்டாரா பூ கேட்டாரா என்று நடுவருக்குக் காதில் விழவில்லை. டாஸை இரண்டாவது முறை போட்டார்கள். அகமதாபாத்திலோ, பெருங்கூட்டத்தை வாயடைக்கச் செய்வதைவிடத் திருப்தி வேறில்லை என்று ஆஸ்திரேலியக் கேப்டன் கம்மின்ஸ் 2023 இறுதிக்கு முந்தின நாள் சொல்லிவிட்டு, மறுநாள் அதைச் செய்தும் காட்டினார்.

இங்கே சென்னைக்கு ஒரு தனித்துயரம் உண்டு. உலகில் மற்ற ஊர்கள் குண்டுக்கும் கலவரத்துக்கும் அஞ்சி ஆட்டத்தை இழந்தன. சென்னை மூன்று மாடங்களால் இழந்தது. 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஐ, ஜே, கே ஆகிய மாடங்கள் கட்டட அனுமதிச் சிக்கலில் மாட்டிப் பல ஆண்டுகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள். 2019 ஐபிஎல் இறுதிப்போட்டி சென்னையில் நடந்திருக்க வேண்டியது. அந்த மாடங்கள் திறக்காததால் ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே சென்னை ஒரு ரன்னில் தோற்றது. அன்றிலிருந்து தம்பி பிரியாணியையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறான். அடுத்த இறுதிப்போட்டி சேப்பாக்கத்துக்கு வந்தது 2024-இல். அப்போது ஆட உள்ளூர் அணி இல்லை.

நூற்பா 5

அஞ்சிப் போகார் புள்ளியும் இழப்பர்;
அஞ்சப் பட்டோர் மேலும் ஏறுவர்.

உரை: பாதுகாப்பில்லை என்று ஓர் ஊருக்குப் போகாதவர்கள் புள்ளியை இழப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் மேலே போவார்கள்.

எடுத்துக்காட்டு: 1996 ஜனவரி 31-இல் கொழும்பில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. உலகக் கோப்பைக்கு அங்கே போக ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடிக்காட்டினார்கள். ஆடாமலே இலங்கைக்குப் புள்ளிகள் சேர்ந்தன. லாகூர் இறுதிப்போட்டியில் எதிரே வந்து நின்றது, வரமாட்டேன் என்ற அதே ஆஸ்திரேலியா. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. கோப்பை கொழும்புக்குப் போனது.

2003 உலகக் கோப்பையில் நியூசிலாந்து நைரோபிக்குப் போகவில்லை. கென்யாவுக்குப் புள்ளி கிடைத்தது. கென்யா அதே நைரோபியில் இலங்கையையும் வீழ்த்தி அரையிறுதி வரை ஏறியது.

மாறாகப் போனவர்களுக்கும் ஒரு கதை உண்டு. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்ததும் நாடு திரும்பிய இங்கிலாந்து அணி டிசம்பரில் மறுபடி வந்தது. அகமதாபாத்துக்கு ஒதுக்கியிருந்த டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு மாறியது. இந்தியா 387 ரன்னைத் துரத்தி வென்றது. மும்பைக்காரரான டெண்டுல்கர் 103 ரன்னோடு நின்றார். அகமதாபாத் ஆபத்து, சென்னை பத்திரம் என்று நாடே ஒப்புக்கொண்ட நாள் அது என்பது பெரியவர் துணிபு. அன்று துப்பாக்கியோடு நின்ற காவலர்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒழிபு

இதுவரை சொன்னவற்றை ஆட்டோ அண்ணனிடம் படித்துக் காட்டி, சங்கத்தின் ஒப்புதல் கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"சார், மேட்ச்சு நைட்டு நான் உள்ள போனதே இல்ல. வாலாஜா ரோட்டுலயும் பெல்ஸ் ரோட்டுலயும்தான் நிப்பேன். உள்ள எவன் ஜெயிச்சான்னு எனக்கு லேட்டாதான் தெரியும். எந்த முனையில ஜனம் தேங்கி நிக்குதுன்னு முதல்லயே தெரியும். குழந்தையத் தோள்ல தூக்கினு வர்றவன் மூஞ்சியப் பாத்தாலே சொல்லிடலாம்."

மற்ற மூவரும் பேசவில்லை. 'அது வேற' என்றுகூட யாரும் சொல்லவில்லை.

2025 ஐபிஎல் இறுதிப்போட்டி கொல்கத்தாவில் நடப்பதாக இருந்து அகமதாபாத்துக்கு மாறியது. எந்த ஊர் பத்திரம், எந்த ஊர் ராசி என்று எங்கள் கடையில் இரண்டு வாரம் சண்டை. ஜூன் 3-இல் ஆட்டம் நல்லபடியாக முடிந்தது, பெங்களூரு வென்றது. மறுநாள் பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில், வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டம் நெரிந்து 11 பேர் இறந்தார்கள். அந்த ஊர் எங்கள் விவாதத்திலேயே இல்லை. அன்று அங்கே ஆட்டமும் இல்லை. 1980 ஆகஸ்ட் 16-இல் ஈடன் கார்டன்ஸில் கால்பந்து பார்க்கப் போய் இறந்த 16 பேரையும் எங்கள் சங்கத்தில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. பெரியவரின் கல்கத்தா 1996-இல்தான் தொடங்குகிறது.

ஆறாவது நூற்பா ஒன்று செய்ய முயன்றேன். அசை சேரவில்லை. ஆகவே உரைநடையில்: ஊர் எதுவாகவும் இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள். உங்கள் வாசல் எது, வெளியேற அதைத் தவிர வேறு வழி உண்டா? தண்ணீர் எங்கே கிடைக்கும்? (பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்; 96-இல் பறந்த பாட்டில்களுக்கு நாம் இன்றும் தாகத்தில் வட்டி கட்டுகிறோம்.) ஆட்டம் முடிந்தபின் கடைசி ரயில் எத்தனை மணிக்கு?

சேப்பாக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பறக்கும் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். இரண்டும் கிடைக்காவிட்டால் பெல்ஸ் ரோட்டில் ஆட்டோ அண்ணன் நிற்பார். ஸ்கோர் மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.