கடைசியாகக் கை வைத்தவர்

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம். ஆரப்பாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். பரவை மார்க்கெட்டைத் தாண்டியதும் பைக் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது இருமலில் நின்றேவிட்டது. மிதித்தேன். கிக்கர் வழுக்கிக் கெண்டைக்காலில் ஒன்று கொடுத்ததோடு சரி.

எங்கள் பக்கத்தில் ரோட்டோரம் ஒருவன் வண்டியை மிதித்துக்கொண்டிருந்தால் அது அவன் சொந்த விஷயம் இல்லை. டீக்கடையிலிருந்து இருவர் எழுந்து வந்தார்கள். “பெட்ரோல் இருக்காண்ணே?” என்று ஒருவர் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லி, வண்டியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே அலையடித்தது. மற்றவர் என்னைக் கேட்காமலே பிளக்கைக் கழற்றினார். உப்புத்தாளைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிற மனிதர். தேய்த்து, ஊதி, பிளக்கை இன்ஜின் மேல் சாய்த்து, “மிதிங்க” என்றார். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. மாட்டினார், ஒரே மிதியில் கிளம்பிவிட்டது. “கரி புடிச்சிருக்குண்ணே.” மூன்று டீக்குக் காசு கொடுத்தேன்.

சமயநல்லூர் எல்லையில் மறுபடி நின்றது. எண்ணெயை எரித்து 106 மெகாவாட் மின்சாரம் எடுக்க நிலையம் கட்டிய ஊர் எங்கள் ஊர். என் அரை டேங்க் பெட்ரோலால் என்னை வீடு சேர்க்க முடியவில்லை. இந்தத் தடவை வந்தவரும் முதலில் டேங்கைத் திறந்து எட்டிப் பார்த்தார். என் வார்த்தையை நம்புகிற ஆள் அந்த ரோட்டில் இல்லை. பிறகு கார்பரேட்டருக்கு அடியில் ஒரு திருகைத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலை மண்ணில் விட்டு, “தண்ணி கலந்திருக்கு” என்றார். கிளம்பியது. இவர் டீ குடிப்பதில்லையாம், பாதாம் பால்.

அடுத்த நாள் ஒரு பெரியவர், பழைய பஸ் டிரைவர். டேங்கைத் திறந்து மோந்து பார்த்தார். “தம்பி, உலகப் போர் சமயத்துல பெட்ரோல் கிடைக்கலைன்னு மதுரை டி.வி.எஸ்.காரங்க கரிவாயு பிளாண்டு செஞ்சு மாட்டி பஸ் ஓட்டுனாங்க. எங்கப்பா சொல்வாரு. அடுப்புக்கரியில ஓடுச்சு. இது பெட்ரோல் இருந்தும் ஓடலைன்னா ஓட்டுறவன்தான் சரியில்லை.” வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தினார். அதற்கும் கிளம்பியது!

வீட்டில் மனைவியின் தீர்ப்பு வேறு. “சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னேன், வச்சீங்களா?” பெட்ரோல் இருக்கிறதா என்று அவளும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பழத்தை வைத்தாள். ஏற்றி நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். சரியாக ஐந்து கிலோமீட்டர்.

ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் விட்டதும் வண்டி உத்தமனாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரி. மெக்கானிக் பையன் தானே ஓட்டிப் பார்க்கப் போனான். தள்ளிக்கொண்டு வந்தான். வந்தவன் பிளக்கையோ கார்பரேட்டரையோ தொடவில்லை. மூடியருகே காதை வைத்து மெல்லத் திறந்தான்.

புஸ்.

“கேட்டீங்களாண்ணே? எண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டா ஊத்துமா? மேல ரெண்டாவது ஓட்டை எதுக்குப் போடுறோம்? பெட்ரோல் கீழ இறங்கணும்னா காத்து மேல வழியா உள்ள வரணும். அதுக்கு மூடியில சின்னத் துவாரம் இருக்கு. அது அடைச்சிருக்கு.”

இத்தனை நாள் வண்டியைக் கிளப்பியது உப்புத்தாளும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று சந்தேகப்பட்ட ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து காற்றை விட்டிருக்கிறார்கள். பெயர் வாங்கியதோ கடைசியாகக் கை வைத்தவர்.

பையன் ஊக்கால் நோண்டினான். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்து, “சந்தனம்ணே” என்றான், என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே.

பூஜையன்று மூன்று விரலால் அப்பியது நான்தான். பெட்ரோல் இருக்குமிடம்தான் வண்டிக்கு வயிறு, அங்கே கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பவர்கள் டேங்க் மூடியை விட்டுவிட்டு ஹெட்லைட்டில் வையுங்கள். என்னுடையது எப்படியும் எரிவதில்லை.