கடைசிச் சைக்கிள்தான் கணக்கு

விடுமுறைக்குச் சாரணர் துருப்போடு சைக்கிளில் திருகோணமலை போகத் துடிக்கிறவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் கேட்ட கேள்விகள் இந்த வாரம்.

கே: ஐயா, வந்தாறுமூலையில் இருந்து ஒரே நாளில் திருகோணமலைக்குப் போகலாமா?
— இளஞ்சாரணன், வந்தாறுமூலை

ப: தாராளமாக, பஸ்ஸில். மட்டக்களப்பு–திருகோணமலை ஏ-15 வீதி சுமார் 130 கி.மீ. அதில் ஏறக்குறைய 16 கி.மீ.ஐ நீங்கள் பிறந்த ஊரே கழித்துத் தந்துவிட்டது. மீதியை மூன்றாக வெட்டுங்கள்: முதல் நாள் வாகரை, அடுத்த நாள் மூதூர், மூன்றாம் நாள் திருகோணமலை. எந்த நாளும் ஐம்பது கி.மீ.க்கு மேல் போகாது.

கே: வெயிலுக்குள்ள பிள்ளை வாடிப் போயிடுவானே?
— ஒரு தாய், சித்தாண்டி

ப: வாடுவது தூரத்தால் அல்ல அம்மா, பிந்திப் புறப்படுவதால். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் வாகரைக்கு நாலு மணித்தியாலம், இடையில் இளைப்பாற ஒன்று. காலை ஆறு மணிக்குப் பெடலை மிதித்தால் பதினொரு மணிக்கு நிழலில் இருப்பான். ஆகஸ்ட் விடுமுறை என்றால் கச்சான் காற்றையும் கணக்கில் எடுங்கள். மழையை மலைநாட்டில் இறக்கிவிட்டுக் காய்ந்து சூடாக வரும் காற்று அது. வடக்கே போகிறவனை இடப்பக்கத்தால் தள்ளும். சோடா வேண்டாம். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். இளநீரை வழியில் வாங்கிக் குடிக்கட்டும்.

கே: அணித் தலைவர் நான். முன்னுக்கு ஓட வேண்டியது நான்தானே?
— ஏறாவூர்

ப: வீதி தெரிந்த ஒருவன் முன்னுக்குப் போகட்டும். அவனுக்குப் பின்னால் ஆக மெதுவாக ஓடுகிறவன். துருப்பின் வேகம் அவன் வேகம்தான். நீங்கள் ஆகக் கடைசி. கிரானில் நீங்கள் பிளேன்டீ குடிக்கும்போது சின்னவன் ஒருவன் சந்திவெளியில் செயின் கழன்று நிற்கிறான் என்றால், நீங்கள் முன்னால் போனவர், தலைவர் அல்ல.

கே: சாரணியம் என்றால் கயிறும் கூடாரமும். சைக்கிளுக்கு அங்கே என்ன வேலை?
— மாணவன், கிரான்

ப: சாரணியத்தை விடச் சைக்கிள் மூத்தது, தம்பி. தென்னாபிரிக்காவின் மாஃபெகிங் நகர் 1899–1900 இல் 217 நாள் முற்றுகைக்குள் கிடந்தது. செய்தி கொண்டு ஓடியது சிறுவர் படை; முதலில் கழுதையில், பிறகு சைக்கிளில். சைக்கிளில் இருக்கும் ஒரு சிறுவனின் படத்தோடு அங்கே முத்திரையே வெளியிட்டார்கள். அந்தப் பையன்களைப் பார்த்த தளபதி பேடன் பவல் 1907 இல் பிரவுன்சீ தீவில் முதல் பாசறை போட்டார். 1912 இல் சாரணியம் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. கழுதையை விடச் சைக்கிள் நல்லது, சொன்ன இடத்தில் நிற்கும். பிரேக்கை மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

கே: என்னென்ன சாமான் கொண்டுபோக வேண்டும்?
— ஒரு ரீச்சர், வாழைச்சேனை

ப: மாற்று ரியூப், ஒட்டுத்துண்டு, சொலூசன், பம், சாவி, முதலுதவிப் பெட்டி. இவை அணிக்கு ஒன்றாக இருந்தால் போதும். ஆளுக்கு ஒன்று சுமக்கத் தேவையில்லை. பை முதுகில் அல்ல, கரியரில். முடிச்சுப் போடத் தெரியும் என்று சின்னம் குத்தியவனின் பை ஓட்டமாவடிப் பாலத்தில் அவிழ்ந்து விழக் கூடாது, ரீச்சர்.

கே: வழி தவறினால்?
— அதே பாடசாலை மாணவன்

ப: நாவலடியில் வலப்பக்கம் திரும்புங்கள். மறந்து நேரே மிதித்தால் பொலன்னறுவை வரும். சரித்திர பாடத்துக்கு நல்லது. கடலில் குளிக்க முடியாது.

கே: அந்தப் பக்கம் யானை நிற்குமாமே! மணி அடித்தால் விலகுமா?
— ஒரு மாமா, செங்கலடி

ப: அந்த மணிக்குப் பஸ்ஸே விலகுவதில்லை. யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்று, கூட்டமாகத் திரும்பிவிட வேண்டும். படம் எடுக்கப் போகக் கூடாது. பொழுது பட்ட பிறகு அந்த வீதியில் சைக்கிள் ஓடவே கூடாது.

கே: இத்தனை கஷ்டம் எதற்கு? வேன் பிடித்தால் என்ன?
— சலித்தவர், களுவன்கேணி

ப: செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமம் போகும் அடியார்கள் வெருகல், வாகரை வழியாக நடந்தே வருகிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. முன்பு இந்தப் பாதையில் ஆறுகளைக் கடக்கப் படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009 இல்தான். இப்போது பாலம் இருக்கிறது, வீதி இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காலும் இருக்கிறது. வேன் வாடகையை மிச்சம் பிடித்து நல்ல ரயர் வாங்கிக் கொடுங்கள்.

கே: புறப்பட முதல் ஒரே ஒரு புத்தி சொல்லுங்கள்.
— துருப்புத் தலைவர், மாவடிவேம்பு

ப: ஒரு வாரம் முன்னதாக எல்லாரையும் பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போய் வாருங்கள், போகவர சுமார் 40 கி.மீ. முதலாவதாக வந்தவனுக்குக் கைதட்டுங்கள். கடைசியாக வந்தவனின் நேரத்தை எழுதி வையுங்கள். வாகரைக்கான நேர அட்டவணையை அந்த நேரத்தை வைத்தே போடுங்கள்.